பழைய காருக்குள் தண்ணீர்: நுழையும் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மழை பெய்த மறுநாள் காலை கார்க் கதவைத் திறந்ததும் ஒரு வாடை வரும். ஈரத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருக்கும், துடைத்தாலும் சற்று நேரத்தில் திரும்பப் படியும். கால் வைக்கும் இடத்தில் கால்மிதியைத் தூக்கினால் கார்ப்பெட் லேசாக நமுத்த மாதிரி இருக்கும். கதவைத் திறந்தபோது சாரல் அடித்திருக்கும் என்று நினைத்து விட்டுவிடுவோம். 10, 15 வருடம் ஓடிய காரில் அப்படி விட்டுவிடக் கூடாது.

ஏன் என்று கேட்டால், கார்ப்பெட்டின் ஓரத்தை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கதவடிப் படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்தால் ஓரம் கைக்கு வந்துவிடும். கார்ப்பெட்டுக்கு அடியில் ஃபோமோ பஞ்சோ விரல் தடிமனுக்கு ஒட்டியிருக்கும். சத்தமும் சூடும் உள்ளே வராமலிருக்க வைத்த திண்டு அது. அதைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேலே தொட்டபோது காய்ந்திருந்த அதே இடத்தில், விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறிக் கிளம்பும். கையை எடுத்தால் பஞ்சு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு வெளியே காட்டாமல் வைத்திருக்கும் திண்டு இது. மேலே கார்ப்பெட் மூடியிருப்பதால் வாரக்கணக்கில் காயாது.

அந்த ஈரத்துக்கு அடியில் இருப்பது காரின் தரைத் தகடு. பெயின்ட் ஓரிடத்தில் உரிந்திருந்தால் போதும், துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். சீட்டைத் தாங்கும் போல்ட்டுகள் இறங்குவதும் அதே தகட்டில்தான். ஒயரிங் கட்டுகள் பெரும்பாலும் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன. சில கார்களில் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டியே சீட்டுக்கு அடியில் இருக்கும். ஜன்னல் ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. டேஷ்போர்டில் காரணமில்லாமல் விளக்கு எரியும். நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். இதற்கெல்லாம் மூலகாரணம் பச்சை பூத்த ஒரு கனெக்டராக இருப்பதுண்டு.

தண்ணீருக்கு வழி வைத்தே கார் கட்டப்பட்டிருக்கிறது

ஒழுகலைத் தேடப் புறப்படும் பெரும்பாலானோர் காரை ஒரு மூடிய டப்பாவாக நினைத்து, அதில் ஓட்டை எங்கே என்று தேடுகிறார்கள். அங்கேதான் திசை தப்புகிறது. கார் முழுதாக மூடிய டப்பா இல்லை. விழும் தண்ணீரில் ஒரு பங்கைப் பாடிக்குள்ளேயே வாங்கி, அதற்கென்று வைத்த வழியில் நடத்தி, கீழே இறக்கிவிடும் அமைப்பு அது. 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் விழுந்தால் 1 லிட்டர். கூரையும் முன் கண்ணாடியும் சேர்ந்து மேலிருந்து பார்க்க 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிமீட்டர் மழைக்கு 60 லிட்டர் தண்ணீர் அங்கிருந்து இறங்கியாக வேண்டும். இறங்கும் வழியில் ஒன்று அடைத்தால், அது போகும் அடுத்த இடம் நம் காலடி.

கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் உள்ள ரப்பர் தண்ணீரை வழித்துவிடும், முழுதாகத் தடுக்காது. மழையில் கதவின் வயிற்றுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் உண்டு, அவற்றின் வழியாக வெளியேறிவிடும். அந்தத் துளைகளில் மண் அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். கதவை ஆட்டினால் சளக் சளக்கென்று சத்தம் கேட்பது அதனால்தான். இன்னொரு காவலும் உண்டு. கதவின் உள்பக்க அலங்காரப் பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கருப்புப் பிசினால் ஒட்டியிருப்பார்கள். கதவுக்குள் தெறிக்கும் தண்ணீரை அது திரும்பக் கதவுக்குள்ளேயே வழியவிடும். ஜன்னல் மோட்டாரைப் பழுது பார்க்கவோ ஸ்பீக்கர் மாற்றவோ கதவைப் பிரிக்கும்போது இந்த ஷீட் கிழியும், அல்லது சரியாக ஒட்டாமல் விடப்படும். ஸ்பீக்கர் மாற்றிய பிறகு ஈரம் வர ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் வேறெங்கும் போகாமல் முதலில் இந்த ஷீட்டைத்தான் பார்ப்பேன்.

அடுத்து, வைப்பர்களுக்கு அடியில் உள்ள தொட்டி. முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே துளைகள் போட்ட ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதற்குக் கீழே காரின் அகலத்துக்கு ஒரு தகட்டுத் தொட்டி இருக்கிறது. கண்ணாடியில் வழியும் மழை அங்கே விழுந்து, ஓரங்களில் உள்ள வடிகால் வழியாகத் தரைக்குப் போகும். காருக்குள் வெளிக்காற்றை இழுக்கும் ப்ளோயரின் வாயும் பல கார்களில் இதே தொட்டியில்தான் திறக்கிறது. மரத்தடியில் நிற்கும் காரில் இலையும் பூவும் விழுந்து மக்கி வடிகாலை அடைக்கும். தொட்டி நிரம்பும். நிரம்பிய தண்ணீர் ப்ளோயர் வாய் வழியாக டேஷ்போர்டுக்குள் இறங்கும்.

இதைச் சொல்லும்போது என் பழைய கார்தான் நினைவுக்கு வருகிறது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் காலடி ஒவ்வொரு மழைக்கும் நனைந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசிக் கொடுத்தார்கள். அடுத்த மழையில் அதே ஈரம். மறுபடி பூசினார்கள், மறுபடி ஈரம். கடைசியில் ஒரு விடுமுறை நாளில் வைப்பர் தண்டுகளைக் கழற்றி அந்தக் கருப்பு மூடியை எடுத்தேன். தொட்டியின் ஒரு மூலையில் இலைகள் மக்கிக் கருஞ்சேறாக அப்பியிருந்தன. மேலே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. சேற்றுக்குள் விரலைவிட்டு வடிகால் வாயைத் தேடி அந்தக் கட்டியைப் பெயர்த்தேன். களக் என்று ஒரு சத்தம். நின்ற தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கி, முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டியது. அதன்பின் அந்தக் காலடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. கண்ணாடியில் பூசிய சிலிக்கானைச் சுரண்டி எடுக்கத்தான் நாட்கள் பிடித்தன. அன்றிலிருந்து யார் ஒழுகல் என்று வந்தாலும், சீலன்ட் டியூபைக் கையில் எடுக்கும் முன் எல்லா வடிகால்களையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சன்ரூஃப் உள்ள காருக்கும் இதே கதைதான். சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றிய ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். அதைப் பிடிக்க அடியில் ஒரு தட்டும், தட்டின் மூலைகளிலிருந்து தூண்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்களும் உண்டு. குழாய் அடைத்தாலோ கழன்றாலோ கூரைத் துணியில் பழுப்புக் கறை படரும், முன் தூண் ஓரமாகத் தண்ணீர் இறங்கும்.

எப்போது வருகிறது, எப்படிப்பட்ட தண்ணீர்?

கருவி எதையும் எடுக்கும் முன், அந்த ஈரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு காலடி நனைகிறதா? அது ஏசியின் தண்ணீர். டேஷ்போர்டுக்குள் குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து சொட்டும். அதை ஒரு ரப்பர் குழாய் என்ஜின் பக்கமாக வெளியே விடும். புழுக்கமான நாளில் ஏசி ஓடும் காரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது நல்ல அறிகுறி. வெளியே சொட்டு இல்லை, உள்ளே ஈரம் என்றால் குழாய் அடைத்திருக்கிறது. அடியிலிருந்து மெல்லிய வளையும் கம்பியால் வாயில் உள்ள அழுக்கை மட்டும் எடுங்கள். ஆழமாகக் குத்தினால் காயில் கிழியக்கூடும்.

ஈரம் பிசுபிசுக்கிறதா, நிறம் உண்டா, இனிப்பான வாடை வருகிறதா, முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் போல ஒரு படலம் படிகிறதா? அப்படியென்றால் அது மழைத் தண்ணீர் இல்லை, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலோ அதன் ஹோஸோ கசிகிறது. என்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள், குறைந்துகொண்டே வந்தால் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் நஞ்சு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த ஈரத்தை அண்டக் கூடாது. என்ஜின் சூடேறி நிற்கும் ஆபத்தும் இருப்பதால், இதைத் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

மழையில் நிறுத்தி வைத்தால் வருவதில்லை, நனைந்த சாலையில் ஓட்டினால் மட்டும் வருகிறது என்றால் கண்ணைக் கீழே திருப்புங்கள். சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர், தரைத் தகட்டில் கழன்றுபோன ரப்பர் அடைப்பான்கள், சக்கர வளைவில் விரிந்த இணைப்புகள், ஒயர் நுழையும் துளையில் வெடித்த ரப்பர் வளையங்கள் வழியாக ஏறி வரும். திருப்பத்தில் திரும்பும்போது மேலிருந்து கொட்டுகிறது என்றால் சன்ரூஃப் தட்டு போல எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. சரிவில் நிறுத்தும்போது மட்டும் வந்தால், மூக்கு கீழா மேலா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அதிலேயே தெரியும். அதிக அழுத்தப் பம்ப் வைத்துக் கழுவும்போது மட்டும் நனைகிறது என்றால் கவலை வேண்டாம், நல்ல ரப்பரைக்கூட அந்த வேகம் தாண்டும்.

ஹோஸ் பிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது

வடிகால்கள் எல்லாம் சுத்தம், ஆனாலும் தண்ணீர் வருகிறது. இப்போதுதான் ஹோஸுக்கு வேலை. ஆனால் நனைந்த காரில் சோதனை செய்தால் பழைய ஈரமா புது ஈரமா என்று பிரிக்க முடியாது. முதலில் உள்ளே துடைத்து உலர்த்துங்கள். சந்தேகமான பக்கத்தில் கார்ப்பெட்டை மடித்து வைத்து, தூண் மூடிகளையும் கதவடிப் பட்டையையும் எடுத்துத் தகடு கண்ணில் படும்படி செய்யுங்கள். தூண், கூரை ஓரம், சீட் ஆகிய இடங்களில் ஏர்பேக் இருக்கலாம். அவற்றின் கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சீட்டையோ அந்த மூடிகளையோ கழற்ற வேண்டியிருந்தால் சாவியை அணைத்து, பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே கை வையுங்கள்.

காய்ந்த தகட்டில் டால்கம் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ மெல்லத் தூவுங்கள். ஒரே ஒரு சொட்டு ஓடினாலும் அது போன தடம் கோடு போட்ட மாதிரி நிற்கும். பவுடர் நிற்காத செங்குத்தான இடங்களில் டிஷ்யூ பேப்பரை டேப்பால் ஒட்டலாம், நனைந்தால் நிறம் மாறிக் காட்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும், வெளியே ஒருவர் ஹோஸ் பிடிக்கட்டும்.

ஹோஸின் முனையில் நாசில் வேண்டாம். மழை வழிகிற அளவுக்கு, மெதுவாக வழியவிட்டால் போதும். கீழிருந்து மேலாகப் போக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கூரையில் ஊற்றினால் கண்ணாடி, கதவு, தொட்டி என எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது குற்றவாளி என்று தெரியாது. அதனால் முதலில் கதவின் அடிப்பாகம், பிறகு நடு, பிறகு ஜன்னல் ரப்பர், அதற்குப்பின் முன் கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரம், கடைசியாக மேல் ஓரமும் கூரையும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 5 நிமிடம் நில்லுங்கள், தண்ணீர் உள்ளே பயணப்பட நேரம் எடுக்கும். பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். உள்ளிருப்பவர் குரல் கொடுத்ததும் ஹோஸை நிறுத்தி, வெளியே அந்த இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள்.

உள்ளே முதல் சொட்டு தெரிந்த இடத்தோடு நின்றுவிடாதீர்கள். தண்ணீர் ஒயர் கட்டின்மேல் ஊர்ந்து ஒரு முழம் தள்ளிப்போய்ச் சொட்டும். மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்கில் மேல்நோக்கிக்கூட ஏறும். கூரையின் பின் மூலையில் நுழைந்த தண்ணீர் முன் சீட்டின் காலடியில் போய்ச் சேர்ந்த காரும் உண்டு. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். பழைய ஒழுகலாக இருந்தால் தகட்டில் துருக் கோடோ, காய்ந்த தூசியின் வெளிறிய கோடோ வழிகாட்டும்.

கதவு ரப்பரைச் சோதிக்கத் தண்ணீர்கூட வேண்டாம். ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் சரியாக அழுந்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் படுத்துவிட்டது அல்லது கதவு இறங்கியிருக்கிறது. தனியாளாக இருந்தால் இன்னொரு வழி. ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று நிலையில் ப்ளோயரை முழு வேகத்தில் வைத்துவிட்டு, கண்ணாடி ஓரங்களிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். உள்ளே ஏறும் காற்று இடுக்கு வழியாக வெளியேறும் இடத்தில் குமிழி கிளம்பும்.

டிக்கியில் ஈரம் என்றால் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள், அங்கே குளம் கட்டியிருக்கும். பின் சீட்டை மடித்து டார்ச் அடித்துப் பார்த்தால் வழி தெரியும். பின் விளக்குகளின் பின்னால் உள்ள ஃபோம் வளையம், மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு, ஆன்டெனாவின் அடி, டிக்கி ரப்பர், பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காற்றோட்ட மூடி, கூரையும் பக்கத் தகடும் சேரும் இணைப்பு ஆகியவைதான் வழக்கமான இடங்கள். ஒருமுறை பின்னால் இடி வாங்கி டிங்கரிங் செய்த கார் என்றால் அந்தப் பக்கத்து இணைப்புகளைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள்.

சரிசெய்வது

வடிகால் குழாயைத் தடித்த நைலான் இழை போன்ற வளையும் ஒன்றால் மெதுவாகத் துழாவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும். கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் அடித்தால் குழாய் உள்ளேயே கழன்றுகொள்ளும், பிறகு கூரையைப் பிரிக்க வேண்டிவரும்.

கதவு ரப்பர் கடினமாகி வெடித்திருந்தால் மாற்றுவது மட்டுமே வழி. இன்னும் மென்மையாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவலாம். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெடும். கதவு இறங்கியிருந்தால் புது ரப்பரும் உதவாது, கீலையும் பூட்டுக் கொக்கியையும் சரிசெய்ய வேண்டும். கதவின் பிளாஸ்டிக் ஷீட்டை பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் பட்டையால் திரும்ப ஒட்டுங்கள். கீழ் விளிம்பு கதவுக்குள் சொருகியிருக்க வேண்டும், வெளியே தொங்கினால் வழியும் தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டுக்கு வரும். பின் விளக்கு வளையங்களுக்கும் பியூட்டைல் நல்லது. அது கெட்டிப்படாது, அடுத்த முறை விளக்கைக் கழற்றவும் விடும்.

தகட்டு இணைப்பு விரிந்திருந்தால் பழைய சீலரைச் சுரண்டி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ப்ரைமர் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் தகட்டு இணைப்புகளை அடைப்பதற்கென்றே உள்ள பாடி சீம் சீலர் போட வேண்டும். துருவின் மேலேயே சீலர் போட்டால், மேலே அழகாக இருக்கும்போதே உள்ளே தகடு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும்.

முன் கண்ணாடி ஓரம்தான் கசிகிறது என்று சோதனையில் உறுதியானால் அதைக் கண்ணாடி பொருத்துபவரிடம் விடுவதே என் கருத்து. யூரித்தேன் பசையால் ஒட்டிய கண்ணாடி காரின் உறுதியில் ஒரு பங்கைத் தாங்குகிறது, பல கார்களில் பயணி ஏர்பேக் விரியும்போது அதற்கு முட்டுக் கொடுப்பதும் அதுதான். கண்ணாடியை எடுத்தால்தான் அடியில் சட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்பதும் தெரியும். வெளியிலிருந்து சிலிக்கான் பூசுவதை நான் கடுமையாக எதிர்ப்பதற்கு இரண்டு காரணங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை சிலிக்கான் காயும்போது அமிலம் வெளிவிடும், அது வெறும் தகட்டை அரிக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் யூரித்தேனும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது.

உலர்த்துவதை அவசரப்படுத்தாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைத்து வெயிலில் நிறுத்தினால் திண்டு காயாது, ஈரம் ஆவியாகிக் கூரைத் துணிக்கும் சீட்டுக்கும் ஏறும். முடிந்தால் சீட்டை எடுத்து, கார்ப்பெட்டைத் திண்டோடு வெளியே கொண்டுவந்து, தண்ணீர் உறிஞ்சும் வாக்குவம் போட்டு, பிறகு கொடியில் போட்டு மின்விசிறிக் காற்றில் விடுங்கள். சில நாள் பிடிக்கும். பூஞ்சை பிடித்து நாறும் பஞ்சுத் திண்டைத் துவைத்துப் பார்ப்பதைவிட மாற்றிவிடுவது மேல். வெறுமையான தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இப்போதே தேய்த்து ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள், இவ்வளவு வசதியாகக் கை எட்டும் வாய்ப்பு திரும்ப எளிதில் வராது.

எல்லாம் முடிந்தாலும் கார்ப்பெட்டை உடனே மாட்டாதீர்கள். தரைத் தகட்டில் மறுபடி சாக்பீஸ் தூளைத் தூவிவிட்டு, ஒரு நல்ல மழை வரும்வரை அப்படியே ஓட்டுங்கள். மழை விட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தூள் தூவியபடியே கிடந்தால் கார்ப்பெட்டை உள்ளே எடுத்துப் போகலாம்.